அலை போகும் பக்கமே ஒலீயிக் படலம் ஒதுங்குவது ஏன்?

தண்ணீர்த் தட்டு சாய்ந்திருப்பதால்தான் படலம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறதோ என்ற கவலையை விடுங்கள், சாய்ந்திருந்தாலும் தண்ணீர் தன் மட்டத்துக்கு வந்துவிடும். ஸ்பீக்கரில் ஒட்டிய தகடு அலை எழுப்பும்போது தண்ணீரின் மேல் பரவிய ஒலீயிக் அமிலத்தின் (ஆலிவ் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம்) மெல்லிய படலம் எதிர்க்கோடிக்கு ஒதுங்குகிறது, நிறுத்தியதும் திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கோளாறே இல்லை, நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

படலம் உள்ள இடத்தில் அலை சீக்கிரம் தேயும். மேடும் பள்ளமும் கடந்து போகும்போது படலம் ஓரிடத்தில் நெருங்கி இன்னோரிடத்தில் விரிய, பரப்பு இழுவிசை இடத்துக்கு இடம் மாறி, அடியிலுள்ள மெல்லிய நீரடுக்கை முன்னும் பின்னும் உரசிக்கொண்டே இருக்கும், அந்த உராய்வில்தான் அலையின் ஆற்றல் வெப்பமாகிறது. ஆனால் அலை சுமந்து வந்த உந்தம் அப்படி மறைந்துவிடாது. காற்று தள்ளுவதுபோல அது படலத்தைத் தள்ளுகிறது. கோடியில் படலம் நெருங்க நெருங்க அதன் எதிர்த்தள்ளல் கூடும். இரண்டும் சமமானதும் நின்றுவிடும். அலை நின்றால் மறுபடி விரியும்.

சரி, இதைச் சோதிக்க அலையின் வீச்சை இரட்டிப்பாக்குங்கள், தள்ளும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும், படலம் இன்னும் ஒடுங்க வேண்டும். ஸ்பீக்கர் கிளப்பும் காற்றுதான் காரணம் என்று சந்தேகம் இருந்தால் படலத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, காற்றை மட்டும் தடுத்து அலையைத் தடுக்காதபடி, தண்ணீரைத் தொடாமல் ஒரு மறைப்பு வையுங்கள்.

அப்புறம், குழாய்த் தண்ணீரின் மேல் ஏற்கெனவே அழுக்குப் படலம் இருக்கும். சுத்தமான பட்டையால் பரப்பை ஓரமாக வழித்துவிட்டுத் தொடங்குங்கள். ஜெர்மானியரான ஆக்னஸ் பாக்கெல்ஸ் தன் வீட்டிலேயே செய்து, 1891இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளிவந்த முறை இது. படலம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தூவும் டால்கம் பவுடர் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.