அழுதுகொண்டே புறப்படலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஆரம்பப் பள்ளியில் 31 வருஷம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருஷமாகிறது. மகன் கோயம்புத்தூரில் வேலையாக இருக்கிறான். “தனியாக இருக்க வேண்டாம்மா, வந்துருங்க” என்கிறான். வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கியாயிற்று. மே மாதம் கிளம்ப வேண்டும்.

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வசனம் தருகிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு ஏசாயா 43:19 இருந்தது. “இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்.” சபையில் எல்லோருக்கும் சந்தோஷம். “பழசையெல்லாம் மறந்துருங்க டீச்சர், கர்த்தர் புதுசா ஆரம்பிக்கிறார்” என்கிறார்கள். ஜெபிக்க வந்த ஒருவர் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, “லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. என் கணவருடைய கல்லறை இங்கே இருக்கிறது. நான் படிக்கவைத்த பிள்ளைகளின் பிள்ளைகள் இங்கே ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிறார்கள். அங்கே போனால் நான் யாருக்கு டீச்சர்? அழுதுகொண்டே போனால் அது அவிசுவாசமா?

ஒரு சகோதரி
(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

அவிசுவாசம் இல்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து உப்புத்தூண் ஆனாள். அவள் பார்த்தது நியாயத்தீர்ப்பில் எரிந்துகொண்டிருந்த சோதோம் பட்டணத்தை. உங்கள் ஊர் சோதோம் அல்ல. நீங்கள் விட்டுப் போவது உங்களை ஞாயிறுதோறும் பாடவைத்த கோயிலை, கணவரை அடக்கம்பண்ணிய மண்ணை. அந்த வசனத்தை ஒரு விதவையின் கண்ணீர்மேல் எடுத்துப் போட்டது தவறு. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் தவறுதான்.

தேசத்தையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்பட்ட ஆபிரகாமைத்தானே நாம் விசுவாசத்தின் தகப்பன் என்கிறோம்? சாராள் இறந்தபோது அவன் புலம்பி அழுதான் என்று ஆதியாகமம் 23 எழுதிவைத்திருக்கிறது. தேவன் தருவதாகச் சொன்ன அந்த தேசத்தில் அவன் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய நிலம் எது? மனைவியை அடக்கம்பண்ண மக்பேலா நிலம். வாக்குத்தத்த தேசத்தில் அவனுக்கென்று உறுதியான இடம் ஒரு கல்லறைத் தோட்டமாகத்தான் இருந்தது. உங்கள் ஊரிலும் உங்களுக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது. வீட்டை விற்கலாம், அதை யாரும் விலை பேச முடியாது.

இனி உங்கள் அட்டைக்கு வருகிறேன். 19ஆம் வசனத்துக்கு முன்னால் 18 இருக்கிறது. “முந்தினவைகளை நினைக்கவேண்டாம்.” உங்களுக்குச் சொல்லப்படுவது இதுதான். ஆனால் அதற்கும் முன்னால் 16, 17ஐ வாசியுங்கள். சமுத்திரத்திலே வழியை உண்டாக்கினவர் என்று செங்கடலை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் கர்த்தர் பேசவே தொடங்குகிறார். பழையதை அடியோடு மறக்கச் சொல்கிறவர் அதை ஏன் எடுத்துப் பேச வேண்டும்? அதே புத்தகத்தில் மூன்று அதிகாரம் தள்ளி, 46:9இல், முந்தி நடந்தவைகளை நினையுங்கள் என்றும் சொல்கிறார். பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஜனங்களிடம், அன்று செய்ததோடு என் கை நின்றுவிட்டது என்று எண்ணாதீர்கள் என்கிறார். அவ்வளவுதான். செங்கடலை மறக்கச் சொல்லவில்லை. உங்கள் 31 வருஷத்தையும் மறக்கச் சொல்லவில்லை. அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது, என்ன செய்வது.

எரேமியா 29:11ஐயும் இப்படித்தான் செய்கிறோம். “சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற அந்த வசனம் காலண்டரில் இல்லாத கிறிஸ்தவ வீடு உண்டா? அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். விருப்பமில்லாமல் ஊர் மாறினவர்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொல்கிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! எரேமியா சொன்ன கணக்கு 70 வருஷம். அதுவரை என்ன செய்ய? வீடுகளைக் கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். அந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தோட்டம்தான். மரம் காய்க்கச் சில வருஷமாகும். புது இடத்தை ஒரே நாளில் நேசித்துவிடு என்று கர்த்தர் கேட்கவில்லை. ஒரு கன்றை ஊன்றிவை என்கிறார்.

அப்பாவை அடக்கம்பண்ணிவிட்டு என் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து என்னோடு சென்னைக்கு வந்தார். கொண்டுவந்த பெட்டியில் அப்பா பென்சிலால் கோடு போட்ட கீர்த்தனைப் புத்தகம் இருந்தது. முதல் ஆறு மாதம் ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வந்துவிடுவார். நான்தான் அவசரப்பட்டேன். “பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போங்கம்மா, பழகிக்கோங்க” என்று நச்சரித்தேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவர் அந்த வரிசையில் இருந்தபடியே அப்பாவுக்காக அழுது முடிக்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுபெண் ஒருத்தி, “பாட்டி, இந்தப் பாட்டு எப்படிப் பாடணும்?” என்று கேட்டாள். அப்படித்தான் தொடங்கியது. பத்து வருஷம் அந்தச் சபையில் இருந்தார். ஆனாலும் கடைசிவரை அவருக்கு அது ‘அந்தக் கோயில்’, ஊரில் இருப்பதுதான் ‘நம்ம கோயில்’. இரண்டிலும் உண்மையாகத்தான் ஜெபித்தார்.

யாருக்கு டீச்சர் என்று கேட்டீர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. இளம் வயது. நிற்க முடியாத அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தும் செய்யலாம் என்று டாக்டர் பால் பிராண்ட் அவரை அந்தப் பக்கம் திருப்பினார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். தன்னைப்போல் நடக்க முடியாதவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் வேலூரில் எழும்பியது 1966இல். விபத்துக்கும் அதற்கும் நடுவில் 12 வருஷம். அவர் புது ஆளாக மாறிவிடவில்லை. கால் போனது, கற்ற கை போகவில்லை. அதைக்கொண்டுதான் புதியது வந்தது. உங்களிடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘அ’ எழுதக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த கை இருக்கிறது, டீச்சர். கோயம்புத்தூரில் தமிழ் எழுதத் தடுமாறுகிற பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிகளில் நிறைய இருக்கிறார்கள். முதல் மாதமே போய் நிற்க வேண்டாம். அவர்களே உங்களைக் கண்டுபிடிப்பார்கள்.

கிளம்புமுன் ஒன்று செய்யுங்கள். மகனை உட்காரவைத்து, வருஷத்துக்கு ஒரு முறை, சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கும் அப்பா கல்லறைக்கும் கூட்டிவர வேண்டும் என்று இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு பிறகு வருத்தப்பட வேண்டாம்.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்கள் எருசலேமில் புது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளை எஸ்றா மூன்றாம் அதிகாரத்தில் பாருங்கள். பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள், மற்ற அநேகர் சந்தோஷத்தில் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது சந்தோஷ ஆரவாரம் என்று பகுத்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றாகத் தூரத்தில் கேட்டதாம். “பெரியவர்களே, இது நல்ல நாள், அழாதீர்கள்” என்று அங்கே யாரும் அதட்டவில்லை.

மே மாதம் போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள். முதல் ஞாயிறு எந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் தம்பி