ஜன்னலின் உறவுமுறை

கேள்வி: 'ஜன்னல்' போர்த்துகீசியத்திலிருந்து வந்ததென்றால், அதன் உறவு மொழிகளான பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ஏன் அச்சொல் இல்லை?

பதில்: இலத்தீனில் இதற்கு 'ஃபெனெஸ்ட்ரா' என்று பெயர், இத்தாலியத்தின் 'ஃபினெஸ்த்ரா', பிரெஞ்சின் 'ஃபெனெத்ர்', ருமேனியத்தின் 'ஃபெரெயஸ்த்ர' ஆகிய மூன்றும் அதன் நேர் வழித்தோன்றல்களே. பிரெஞ்சில் மறைந்த 'ஸ்' ஒலியின் தடயமாக, எழுத்தின்மேல் இடப்படும் கூரை வடிவக் குறி இன்றும் நிற்கிறது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமோ வேறு வழியில் சென்றது. காற்றைக் குறிக்கும் இலத்தீனின் 'வெந்துஸ்' என்பதிலிருந்து ஸ்பானியர் 'வெந்தானா' என்ற சொல்லைப் பெற்றார்கள். வாயிலைக் குறிக்கும் இலத்தீனின் 'யானுவா' என்பதன் சிறுமை வடிவத்திலிருந்து, 'சிறுவாயில்' என்ற பொருளில், போர்த்துகீசியருக்கு 'ஜனேலா' கிடைத்தது. அதுவே நம் ஜன்னல். இதில் எனக்கு மிகச் சுவையாகத் தோன்றுவது, பழைய 'ஃபெனெஸ்ட்ரா' போர்த்துகீசியத்தில் அழிந்துவிடாமல், 'ஃப்ரெஷ்தா' எனச் சுருங்கி, இடுக்கு, கீற்றுப் போன்ற திறப்பு என்ற பொருளில் இன்றும் வழங்கிவருவதுதான்.