சீல் உட்காரும் இடத்தில் குரோம்: கேட்டாங்க, சொன்னேன்

கடலூரில் பம்பு ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பின் சுழலும் தண்டான ஷாஃப்டைச் சுற்றி ஒழுகாமல் அடைப்பது சீல். அந்த இடம் தேயாமல் இருக்கக் கரண்டு பாய்ச்சிப் போடும் கெட்டியான குரோம் முலாம்தான் ஹார்டு குரோம். அதைப் பற்றி நம்ம ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சிப்காட் ஃபிட்டர்: அண்ணே, மெக்கானிக்கல் சீல் அடிக்கடி ஒழுகுது. சீல் முகத்துக்கே குரோம் போட்டா?

வேண்டாம் தம்பி. மெக்கானிக்கல் சீலில் இரண்டு வளையங்களின் முகங்கள் ஒன்றோடொன்று உரசும்; அங்கே உரசுவது கார்பனும் சிலிக்கான் கார்பைடும். ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான மேடுபள்ளமே தாங்காத இடம். குரோமுக்கு வேலை ஷாஃப்டின் மேல் மாட்டும் குழாய் உறையான ஸ்லீவில்தான், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஆடி ஆடிப் பள்ளம் விழும் இடத்தில். கழற்றி நகத்தால் வருடிப் பார். நகம் பள்ளத்தில் சிக்கினால் கோளாறு அங்கேதான். பம்பில் ஓடுவது ஹைட்ரோகுளோரிக் அமிலமா? அப்படியானால் குரோமே கரைந்துவிடும், பேச்சை விடு.

புதுச்சேரி மேட்டுப்பாளையம், லேத் பட்டறை: முலாம் கண்ணாடி மாதிரி மின்னுது. நேரா ஆயில் சீல் மாட்டலாமா சார்?

மின்னுவதைப் பார்த்து ஏமாறாதீங்க. தொட்டியில் ஓரங்களுக்குக் கரண்ட் அதிகம் பாயும், அங்கே முலாம் தடித்துவிடும். அதனால் கூடுதலாகப் போட்டு, கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டு வரணும். முடிவில் 25 முதல் 50 மைக்ரான் நின்றால் போதும். சராசரி சொரசொரப்பு (ஆர்.ஏ.) 0.2-லிருந்து 0.8 மைக்ரானுக்குள் இருக்கட்டும். அதற்கும் வழவழப்பானால் எண்ணெய்ப் படலம் நிற்காது, ஷாஃப்டை உரசும் சீலின் ரப்பர் உதடு கருகும்.

இன்னொன்று, கிரைண்டிங் கல்லைப் பக்கவாட்டில் ஓட்டாமல் நேராக உள்ளே இறக்குங்க. இல்லாவிட்டால் மரை போல வரி விழுந்து, ஷாஃப்டே எண்ணெயை வெளியே தள்ளும். சோதிக்க ஒரு நூல் போதும். லேசாக எண்ணெய் தடவி, ஷாஃப்டின் மேல் நூலைப் போட்டு, நுனியில் சின்ன எடை கட்டி, மெதுவாகச் சுழற்றுங்க. நூல் ஒரு பக்கமாக நகர்ந்து, திருப்பிச் சுற்றும்போது எதிர்ப்பக்கம் போனால் வரி இருக்கு. லட்ச ரூபாய்க் கருவியெல்லாம் அப்புறம்.

முதுநகர், விசைப்படகுக்காரர்: குரோம் போட்ட ஷாஃப்டு ஒரே வருஷத்துல உரியுதே?

குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்புத்தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி இரும்பைத் தின்னும். துரு மேலே இருப்பதைத் தூக்கிவிடும். அடியில் நிக்கல் பூச்சு இல்லாமல் வாங்காதீங்க. நானாக இருந்தால் எளிதில் துருப்பிடிக்காத டூப்ளக்ஸ் ஸ்டீலில் ஸ்லீவ் கடைந்து போட்டுவிடுவேன்.

அதே லேத் பட்டறை: கடினப்படுத்தின ஷாஃப்டு ஒண்ணு முலாமுக்கு அப்புறம் படக்குனு முறிஞ்சுது சார்.

முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்திருக்கும். முலாம் போட்ட நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சுடணும். எனக்கும் ஒரு தடவை முறிந்தது. அன்றிலிருந்து சுட்டாச்சா என்று கேட்காமல் பணம் கொடுப்பதில்லை.

சிப்காட் ஃபிட்டர்: நாமளே ஒரு தொட்டி வச்சா என்னண்ணே?

லிட்டருக்குக் கால் கிலோ குரோமிக் அமிலம் கரைத்த தொட்டி அது. அந்த ஆவி புற்றுநோய் தரும். கழிவைச் சுத்திகரிக்க வசதி உள்ள இடத்துக்கே அனுப்பு.