சம்சாரம் என்றால் பேச்சு: கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி இங்கே தமிழ்வழிப் பள்ளியில் டீச்சர். பிறந்தது ஆனைமலை. ஆறு வருஷம் தினக்கூலிக்குப் பாடம் எடுத்து, அப்புறம் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி நிரந்தரமானவள். 56 வயதில் ஓய்வு. போன ஆடியில் தவறிவிட்டாள்.

வருகிற ஆடியில் தலைத் திதி. அன்றைக்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். எழுத உட்கார்ந்தால் "அன்பான மனைவி, பாசமிகு தாய், சிறந்த ஆசிரியை" என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. எனக்கு எழுத வராது. பேசவும் வராது. "மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு, தமிழ்ல சம்சாரம்னா பொண்டாட்டி, உங்களுக்கு ரெண்டும் நான்தான்" என்று அவள் கேலி செய்வாள். இப்போது வீட்டில் ரெண்டுமே இல்லை.

இரண்டு சந்தேகம். அதே பள்ளியில் படித்த மகள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் "டீச்சர்" என்று கூப்பிடாமல் "அம்மா" என்று கூப்பிட்டதற்காக அவளை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்ததை எழுதியிருக்கிறாள். செத்தவர்களைப் பற்றிக் குறை எதற்கு, எடுத்துவிடுங்கள் என்கிறான் மகன். இன்னொன்று, பெங்களூரில் வளரும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மலரை இங்கிலீஷிலேயே போட்டுவிடலாம் என்றும் சொல்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

அன்புள்ள ஐயா,

எழுத வராது என்பதைச் சொல்ல ஏழு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் கால்வாசியைத்தான் மேலே போட்டிருக்கிறேன். டீச்சர் இருப்பது மிச்சத்தில். நீங்கள் ஃபோனில் சரி என்று சொன்னதால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பேசுகிறேன்.

நாலாவது பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு டிக்கெட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக உங்கள் பஸ்ஸில் ஏறிய ஒரு பெண்ணுக்கு மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. டிக்கெட்டின் முதுகில் "பாக்கி 2" என்று எழுதிக் கொடுத்தீர்கள். இறங்கும்போது அவர் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்து நீட்டினார். அந்த இரண்டு ரூபாயை நீங்கள் கடைசி வரை தரவில்லை. இதை எழுதிவிட்டு, அடுத்த வரியில் "இதெல்லாம் மலரில் போட முடியாது" என்கிறீர்கள். ஏன் முடியாது? "அன்பான மனைவி" என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள். டிக்கெட் இன்னும் இருந்தால் படமாகவும் போடுங்கள்.

அதே மாதிரி அந்த ழகர விஷயம். பிள்ளைகள் பழத்தைப் "பளம்" என்றால், "ஊர் பேர்லயே ழ வச்சிருக்கீங்க, வாயில எங்க கண்ணு வச்சிருக்கீங்க?" என்று கேட்பாராம். அதோடு விடாமல், பக்கத்து வீட்டு மலையாள அம்மாவை வகுப்புக்குக் கூட்டிவந்து "மழ, புழ, வாழ" என்று சொல்ல வைத்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு ழகரம் பழக்கியிருக்கிறார். தமிழுக்கே உரிய சிறப்பு ழகரம் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்வரலாம்.

வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 1956 வரை பாலக்காட்டு நகரம் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது; சித்தூரோ பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது, பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் உருவானபோது இரண்டும் அதற்குள் வந்தன. சித்தூர் தாலூகாவின் கிழக்கு ஓரத்துத் தமிழர்கள் நேற்றுப் பிழைக்கப் போனவர்கள் இல்லை, தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். கேரளத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒரு வருஷம் தமிழ்ப் புத்தகம் வந்துசேரத் தாமதமானபோது, டீச்சர் ராத்திரி மலையாளப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழில் எழுதி, காலையில் கரும்பலகையில் போட்டாராம். அவருக்கு அப்போது மலையாளம் தட்டுத்தடுமாறித்தான் வரும். வரி வரியாகப் படித்துப் பொருள் சொன்னது யார்? நீங்கள். அதை ஒற்றை வரியில் தாண்டிப் போகிறீர்கள். பேச வராதவர் எத்தனை ராத்திரி பேசியிருக்கிறீர்கள் பாருங்கள். அந்த நோட்டு இருக்கிறதா, தேடுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அண்ணன் தங்கை சண்டைதான். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும். சித்தூர்ப் பக்கத்து வயல்களுக்கு அதுதான் பெரிய ஆதாரம். டீச்சரின் அண்ணனுக்கு ஆனைமலையில் ஆழியாற்றுப் பாசனத்தில் வயல். பொங்கலுக்குப் பிறந்த வீடு போனால் காப்பி ஆறும்வரை இரண்டு பேரும் அந்தக் கணக்கில் மல்லுக்கு நிற்பார்கள் என்கிறீர்கள். "உங்க ஆளுக கேட்டுட்டே இருப்பாங்க" என்பார் அண்ணன். கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பினால் ஆசிரியர் அறையில் "உங்க ஆளுக தண்ணி விடலையே" என்பார்கள். அப்புறம் வகுப்பில் பிள்ளைகளை வரைபடம் போட வைப்பார். ஆழியாறு, மணக்கடவு, சித்தூர்ப்புழை, பறளியில் கல்பாத்திப்புழையோடு சேர்ந்து பாரதப்புழை, கடைசியில் பொன்னானிக் கடல். நடுவில் மாநில எல்லையை மட்டும் போட விடமாட்டார். பரீட்சையில் போட்டுக்கொள், இங்கே வேண்டாம் என்பாராம்.

கொங்கன்படையும் அப்படித்தான். கொங்குப் படை தோற்றோடியதைச் சித்தூர் பகவதி கோயிலில் மாசியில் கொண்டாடுகிறார்கள். "எங்களைத் தோற்கடிச்சதுக்குத் திருவிழா, அதுக்கு நானே புதுச்சேலை கட்டிட்டு வரணுமா?" என்று கேட்டுவிட்டு, வருஷம் தவறாமல் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாராம். இவரைப் போய் "சிறந்த ஆசிரியை" என்ற இரண்டு சொல்லில் அடைக்கப் பார்த்தீர்களே ஐயா.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். என் அம்மா போனபோது நாங்களும் ஒரு மலர் போட்டோம். பொறுமையின் சிகரம், தியாகச் சுடர், எல்லாம் உண்டு. அச்சகத்தில் ஒரு பக்கம் காலியாக நிற்கிறது, ஏதாவது கொடுங்கள் என்றார்கள். வேறு எதுவும் கையில் இல்லாததால் அம்மாவின் பால் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கொடுத்தேன். "11, 12 வரவில்லை. 13 தண்ணி. சொல்லியாச்சு. 14 மறுபடி தண்ணி." இன்றைக்கும் உறவுக்காரர்கள் அந்தப் பக்கத்தைத்தான் பிரித்துவைத்துச் சிரிக்கிறார்கள். மற்ற பக்கங்களை நானே திரும்பப் படித்ததில்லை.

மகள் எழுதிய பக்கத்துக்கு வருகிறேன். கண்டிப்பாகப் போடுங்கள், ஒரு எழுத்தும் குறைக்காமல். நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை படித்தேன். நீங்களும் உங்கள் மகனும் முதல் பாதியோடு நின்றுவிட்டீர்களோ என்று சந்தேகம். சாயங்காலம் பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டியதும் டீச்சர் நின்று, "இப்பக் கூப்பிடு கண்ணு" என்கிறார். மகள் கூப்பிடவில்லை. வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு, கூப்பிடுவாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி முன்னால் நடக்கிறார். இதில் குறை எங்கே இருக்கிறது? அப்படியே குறைதான் என்றாலும் இருந்துவிட்டுப் போகட்டும். இந்தப் பக்கம் இல்லாவிட்டால் உங்கள் மகன் எழுதிய ஐந்து பக்கத்தை ஊரில் யாரும் நம்பப் போவதில்லை. மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபம் என் மேல் இருக்கட்டும்.

பழைய மாணவர்களிடம் கட்டுரை கேட்காதீர்கள். "டீச்சரைப் பற்றிச் சில வார்த்தைகள்" என்று கேட்டால், கேரளத்துப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவ மேடையில் பேசுவதைப் போல எழுதித் தள்ளிவிடுவார்கள். "டீச்சர் உன்னை எதுக்குத் திட்டினாங்க?" என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பச் சொல்லுங்கள். சொன்னபடியே எழுத்தில் போடுங்கள். மலையாளம் கலந்து சொன்னால் கலந்தே இருக்கட்டும். "ஆளு பாவம்" என்று ஒருவன் சொன்னால் அதைப் பரிதாபம் ஆக்கிவிடாதீர்கள், அங்கே அதற்குச் சாது என்றுதானே பொருள். டீச்சர் சாதுவா என்பது வேறு கதை.

இங்கிலீஷ் வேண்டாம். டிக்கெட் முதுகில் எழுதிய "பாக்கி 2", "இப்பக் கூப்பிடு கண்ணு" இதெல்லாம் இங்கிலீஷில் போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். மலர் தமிழில் வரட்டும். பேரப்பிள்ளைகளுக்கு நீங்கள் படித்துக் காட்டுங்கள். தினம் ராத்திரி ஒரு பக்கம், ஃபோனில். புரியாததைக் கேட்பார்கள், கேட்டால் நீங்கள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பேச வராது என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், விடமாட்டார்கள்.

ஆடிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அவசரப்படாமல் செய்யுங்கள். அட்டை அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஊர்ப் பெயரைக் "கொளிஞ்சாம்பாறை" என்று அடித்து வைத்திருப்பார்கள்.