மலையில் இருப்பவர் மகப்பேறு விடுப்பை எந்தத் தேதியில் தொடங்குவது?

கேள்வி: எனக்கு வயது 27. கோத்தகிரிக்கு அருகே ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். முதல் கர்ப்பம், 28 வாரம் முடிந்திருக்கிறது. பிரசவத் தேதி நவம்பர் 20 என்று ஸ்கேனில் வந்துள்ளது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக உள்ளன. ஹீமோகுளோபின் மட்டும் 10.2. கிடைக்கும் 26 வார விடுப்பையும் குழந்தையோடு கழிக்க வேண்டும் என்பதால், வலி வரும் வரை வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். மாமியார் இப்போதே நின்றுவிடச் சொல்கிறார். அம்மா வீடு காரமடையில். வளைகாப்பு முடிந்ததும் அங்கே அழைத்துச் சென்று பிரசவம் பார்ப்பதாகப் பேச்சு. எந்தத் தேதியிலிருந்து விடுப்பு எழுதிக் கொடுப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: தேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 36 வாரம் முடிகிற அக்டோபர் 23 அன்று வேலையிலிருந்து நின்றுகொள்ளுங்கள்; 37 வாரம் முடிகிற அக்டோபர் 30க்குள் காரமடை வீட்டில் இருங்கள். நீங்கள் காரமடையிலேயே இதே கணக்கு வேலையைச் செய்து, மருத்துவமனையும் பக்கத்தில் இருந்திருந்தால், உடல்நிலை ஒத்துழைக்கும் வரை 38 அல்லது 39 வாரம் வரைகூடப் போகலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுடைய விடுப்புத் தேதியைத் தீர்மானிப்பது உங்கள் வயிற்றைவிட, வீட்டுக்கும் பிரசவ அறைக்கும் இடையே இருக்கும் மலைச்சாலைதான்.

ஸ்கேன் தாளில் உள்ள தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாளைக் கூட்டியோ, முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்தோ கணித்தது. அந்தக் குறிப்பிட்ட நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான். 37 வாரம் முடிந்த பிறகு எந்த நாளிலும் இயல்பான பிரசவ வலி வரலாம்; உங்கள் கணக்கில் அது அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் முதல் வாரம் வரை நீளும் காலம். முதல் குழந்தை தேதியைத் தாண்டிச் சில நாள் கழித்துப் பிறப்பது சகஜம் என்றாலும், அதை நம்பி ஏற்பாடு செய்ய முடியாது. ஆகவே 'வலி வரும் வரை' என்று நீங்கள் எழுதியிருப்பது, உங்களைப் பொறுத்தவரை, எந்த நாள் என்று தெரியாத ஒரு நாளில், வலியோடு மலையிறங்குவது என்றே பொருள்படும்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர். அதற்கு அப்பால் காரமடை. நல்ல வெயில் நாளில் இது ஒரு பொருட்டே அல்ல. முதல் பிரசவத்தில் வலி தொடங்கிக் குழந்தை பிறக்கப் பெரும்பாலும் பல மணி நேரம் ஆகும் என்பதும் உண்மையே. ஆனால் உங்களுக்கு நாள் விழுந்திருப்பது நவம்பரில். வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் கிழக்குச் சரிவில் வந்து மோதும் மாதம் அது. குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தால் போக்குவரத்து எப்போது சீராகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் மண்சரிவில் பலர் உயிரிழந்ததும் சாலைகள் துண்டிக்கப்பட்டதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

இதை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் முதல் பிரசவத்தின்போது குன்னூரில் மருத்துவராகப் பணியில் இருந்தேன். மற்றவர்களுக்கு 'சீக்கிரம் இறங்கிவிடுங்கள்' என்று சொல்லிக்கொண்டே, என் விடுப்பை மட்டும் ஒவ்வொரு வாரமாகத் தள்ளிப் போட்டேன். 38 ஆவது வாரத்தில், மழை பிடித்துக்கொண்ட ஓர் இரவில் பனிக்குடம் உடைந்தது. பர்லியாருக்குச் சற்று மேலே சாலையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கு மூடுபனியில் மங்கித் தெரிய, மரத்தை அறுக்கும் ரம்பத்தின் ஓசையைக் கேட்டபடி பின்னிருக்கையில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். என் கணவர் கைபேசி வெளிச்சத்தில் வலிக்கும் வலிக்குமான இடைவெளியை மருந்துச்சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டிருந்தார். வழி கிடைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழந்தை நலமாகத்தான் பிறந்தாள். ஆயினும் மகப்பேறு மருத்துவம் படித்த ஒருத்தி அந்த நிலைமைக்குத் தன்னை ஆளாக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எனவே விடுப்புத் தேதியைக் குறிப்பதற்கு முன் பிரசவம் எங்கே என்பதை உறுதிசெய்யுங்கள். 'அங்கே பார்ப்பதாகப் பேச்சு' என்று எழுதியிருக்கிறீர்கள், பேச்சு போதாது. மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனையா, கோவையில் ஒன்றா, தனியாரா என்று முடிவுசெய்து, 32 முதல் 34 வாரத்துக்குள் ஒரு முறை இறங்கிப் போய் அங்குள்ள மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். ஸ்கேன் தாள்கள், ரத்த வகை, இதுவரையிலான பரிசோதனை முடிவுகள், கிராம சுகாதாரச் செவிலியர் பதிந்து கொடுத்த பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கையோடு கொண்டு செல்லுங்கள். நள்ளிரவில் வலியோடு முன்பின் தெரியாத இடத்தில் போய் இறங்குவதற்கும், உங்கள் பதிவேடு ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குப் போவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கர்ப்பம் சிக்கலின்றி இருக்கும்போது, மலையிலேயே பிரசவம் பார்த்து, தேவையானால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதும் சரியான திட்டமே. அப்படி முடிவெடுத்தால் வேலையை இன்னும் ஒன்றிரண்டு வாரம் தொடரலாம். எது வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள். (சாலை வசதி குறைந்த ஊர்களில் இருக்கும் பெண்களுக்காக, மலைப்பகுதியின் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் நாள் நெருங்கும் முன்பே வந்து தங்கிக்கொள்ளக் காத்திருப்பு அறைகள் உள்ளன. அவர்கள் செவிலியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.)

கொண்டை ஊசி வளைவுகளில் பயணம் செய்தால் வலி வந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். குமட்டலும் முதுகுவலியும் வரலாமே தவிர, வளைவுகள் பிரசவத்தைத் தூண்டுவதில்லை. பகலில் புறப்பட்டு, நடுவில் ஒரு முறை இறங்கிச் சற்று நடந்து, இருக்கைப் பட்டையை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படியுமாறு அணிந்து செல்லுங்கள்.

மாமியாரின் கவலைக்கு வருகிறேன். ஆரோக்கியமான கர்ப்பத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. 28 வாரத்திலேயே நிற்க மருத்துவக் காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் தேயிலைத் தொழிற்சாலையின் 'அலுவலக வேலை' முழுக்க நாற்காலி வேலையாக இருப்பதில்லை என்பதை நான் அறிவேன். பச்சைத்தேயிலை வந்திறங்கும்போது எடை போடும் இடத்தில் மணிக்கணக்கில் நிற்பதும், இலையை வாட்டும் மேல்மாடிக்கு ஏறி இறங்குவதும், கால் வழுக்கும் தரையில் அவசரமாக நடப்பதும் உங்கள் அன்றாடத்தில் இருந்தால், மாமியார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. நெடுநேரம் நிற்பதும், பாரம் தூக்குவதும், இரவுப் பணியும் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பைச் சிறிதளவு கூட்டுகின்றன. இதற்குத் தீர்வு விடுப்பை முன்கூட்டியே செலவழிப்பதன்று. வேலையை மாற்றிக் கேட்பதே. பிரசவத் தேதிக்கு ஆறு வாரமும் அதற்கு மேல் ஒரு மாதமும் முன்பிருந்து, அதாவது செப்டம்பர் 9 முதல், கடினமான வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் தரக்கூடாது என்று கேட்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. அதற்காகச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. தோட்டத்தில் சரிவில் நின்று இலை பறிக்கும் பெண்களுக்கும் இதே உரிமை உண்டு. அவர்களில் மிகச் சிலரே இதைக் கேட்டுப் பெறுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

உங்கள் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருக்கிறது. சோகை லேசானதுதான், இரும்புச்சத்து மாத்திரையில் ஏறிவிடும். ஆனால் நம் ஊரில் மாத்திரையை விழுங்கிய கையோடு ஒரு டம்ளர் டீ குடிக்கும் வழக்கம் அந்த மாத்திரையைப் பெருமளவு வீணாக்குகிறது. தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடல் உறிஞ்ச விடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயைத் தள்ளி வையுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். 32 ஆவது வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

இனி விடுப்புக் கணக்கு. 1961 ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த விடுப்பு 2017 திருத்தத்தில் 26 வாரமானது. இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே அளவுதான். பிரசவத் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். 8 வாரம் எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. முன்னால் எடுக்காத நாள்கள் பின்னால் வந்து சேரும். அக்டோபர் 23 முதல் எண்ணினால் 182 நாள் ஏப்ரல் 22 அன்று முடியும். குழந்தை சொன்ன தேதியில் பிறந்தால் அதனுடன் 22 வாரம் கிடைக்கும். தேதி தாண்டிப் பிறந்தால் அந்த நாள்கள் பின்பகுதியிலிருந்து குறையும். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் ஆறு மாதத்துக்கு நான்கு வாரம் குறைகிறதே என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். சேர்ந்திருக்கும் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பை முதலில் எடுத்து, அதன் பிறகு மகப்பேறு விடுப்பைத் தொடங்க நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். பத்து நாள் அப்படிக் கிடைத்தாலே விடுப்பு மே 2 வரை நீளும். வேலைக்குத் திரும்பிய பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக நாளுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை பெறலாம்.

இத்தனையும் கர்ப்பம் இப்போதுபோல் அமைதியாகச் செல்லும் வரைதான். ரத்த அழுத்தம் 140/90ஐ எட்டினாலோ, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தாலோ, குழந்தையின் வளர்ச்சி பின்தங்கினாலோ, நேரத்துக்கு முன்பே வலி தலைகாட்டினாலோ அக்டோபர் 23 என்ற தேதியை மறந்துவிட்டு அன்றே நின்றுவிட வேண்டும். அப்படி நிற்க நேர்ந்தால், பலர் செய்வதுபோல் மகப்பேறு விடுப்பை உடனே தொடங்கிவிடாதீர்கள். கர்ப்பத்தால் ஏற்படும் நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும், மருத்துவர் சான்றின் பேரில், 26 வாரத்துக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் தனி விடுப்பு உண்டு. சான்றிதழில் 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதாமல் காரணத்தையும் எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

விடாத தலைவலி, கண் மங்குதல், திடீரென முகம் வீங்குதல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அலுவலகம் முடியும் வரை காத்திருக்கக் கூடாது; காரமடைக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம் என்றும் இருக்கக் கூடாது. அருகிலுள்ள மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸில் செல்லுங்கள்.

வளைகாப்பை ஒன்பதாம் மாதத்தில் வைப்பதானால், முகூர்த்தம் பார்ப்பவரிடம் அக்டோபர் 30க்குள் வரும் ஒரு நாளாகக் கேளுங்கள். வளையல் போட்டு அன்றே அழைத்துப் போவதாக இருந்தால், பகலிலேயே மலையிறங்க வசதியாக விழாவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். விடுப்புக் கடிதத்தைச் செப்டம்பர் இறுதிக்குள், பிரசவத் தேதி குறித்த மருத்துவச் சான்றுடன் கொடுத்துவிடலாம். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்கி, ஸ்கேன் தாள்கள் இருக்கும் அதே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.