பாட்டி என்ன சொல்கிறார்?

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய எழுத்தாளர் யசுனாரி கவாபாத்தாவின் ‘பனி நாடு’ நாவலை வாசித்தேன். யுசாவாவில் ஒரு வெந்நீரூற்று விடுதியில் தங்கி அதை எழுதினாராம். எங்கள் வீட்டில் பாட்டி படுத்த படுக்கை. இரவெல்லாம் முனகல். எனக்கு ஒரு வரி ஓடவில்லை. நானும் ஏதாவது மலையூரில் ஒரு மாதம் அறை எடுத்து எழுதலாமா? அந்த நடை எப்படிக் கைவரும்? அவர் தற்கொலைதான் செய்துகொண்டாரா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மரணத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம். 1972 ஏப்ரலில் இறந்தார், கடிதம் எதுவும் எழுதிவைக்கவில்லை. அதற்குமேல் துருவ எனக்கு மனமில்லை. விடுதி? பணமிருந்தால் தங்குங்கள். ஆனால் 1935இல் இதழ்களில் துண்டு துண்டாக வரத் தொடங்கிய அந்த நாவல் முழு வடிவம் பெற்றது 1948இல்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது பாட்டியைப் பற்றிய வரி. எவ்வளவு அலட்சியமாக எழுதியிருக்கிறீர்கள்!

கவாபாத்தாவுக்கு மூன்று வயது நிறைவதற்குள் தாயும் தந்தையும் போய்விட்டார்கள். பிறகு பாட்டி, அக்கா. மிஞ்சியவர் பார்வை இழந்த தாத்தா ஒருவர்தான். 1914 மே மாதம், ஒசாகாவை அடுத்த இபராகியில், அவரும் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பேரனுக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிவிட்டு வந்து, தாத்தாவின் அருகில் உட்கார்ந்து, அவர் புலம்புவதை அப்படியே எழுதினான். எதிரில் இருப்பவன் எழுதுகிறான் என்பது அவருக்குத் தெரியாது. நூறு தாள் நிறைந்தால் தாத்தா பிழைத்துவிடுவார் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. நூறு நிறையவில்லை.

அந்த நாட்குறிப்பில் ஓரிடம். தாத்தா வலியில் கத்துகிறார். பேரன் கண்ணாடிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு சிறுநீர் இறங்கக் காத்திருக்கிறான். குடுவையின் அடியில் மலை ஓடையின் தெளிந்த நீர் விழும் ஓசை கேட்கிறது என்று எழுதுகிறான். வேண்டாவெறுப்பாகத்தான் பிடித்திருக்கிறான், அதையும் மறைக்காமல் எழுதுகிறான். நீங்கள் கேட்கும் நடை அதுதான். அது அந்தக் குடுவையைக் கையில் பிடித்திருந்தவனுக்குக் கேட்ட ஓசை. வெளியே போய் நின்றிருந்தால் கேட்டிருக்காது. பனியும் வெந்நீரூற்றும் அவர் எழுத்துக்குள் வந்ததெல்லாம் பிற்பாடு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் அப்பா கடைசி மாதம் வீட்டில்தான் கிடந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மரணத்தைப் பற்றிக் கவிதை எழுதினேன். உள்ளே அம்மா அவருடைய படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கடைசியாகக் கேட்டது மோர் என்பதையே பத்து நாள் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அந்தக் கவிதைகளில் ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை.

பாட்டிக்குப் பணிவிடை செய்து, அதைக் கதையாக்குங்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் செய்தால் நான் உங்களை மன்னிக்க மாட்டேன். முனகல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் சொல் இருக்கிறதா, யாருடைய பெயராவது வருகிறதா? பக்கத்து அறையில்தானே இருக்கிறார், தம்பி. இன்றிரவு எழுந்து போய்க் கேளுங்கள்.