சிறுநீரக நோயும் தாவர உணவும்: கேள்வி பதில்

மேடம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் அப்பாவுக்குப் பழம், காய்கறி, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?

சரியில்லை. கிரியேட்டினினை மட்டும் வைத்துப் பழத்தை நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ், பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்யும் பொருள்) எவ்வளவு என்று பாருங்கள். பொட்டாசியம் 3.5 முதல் 5.0 mmol/L-க்குள் இருந்தால் பழத்தையும் காயையும் அறவே ஒதுக்கக் காரணமே இல்லை. 5.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். அப்போதும் காயை மட்டும் குற்றம் சொல்லாமல் சில ரத்த அழுத்த மாத்திரைகள், மலச்சிக்கல், கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்தத்தில் கூடிய அமிலம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இறைச்சிப் புரதம் செரித்த பின் உடலில் அமிலம் மிஞ்சுகிறது. பழமும் காயும் அதற்கு நேர்மாறாக, அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை தருபவை. பைகார்பனேட் 22 mmol/L-க்குக் கீழே போனவர்களுக்கு இது பெரிய உதவி. நார்ச்சத்து குறைந்தால் குடல் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து இண்டாக்சில் சல்பேட், பி-கிரெசில் சல்பேட் போன்ற நச்சுகளுக்கு மூலப்பொருளை அதிகமாக உண்டாக்கும். அவற்றைச் சரிவர வெளியேற்ற நோயுற்ற சிறுநீரகத்தால் முடியாது. ஆகவே நிறுத்தியதைத் திரும்பக் கொடுங்கள். அளவை ரிப்போர்ட்டைப் பார்த்து உணவியல் வல்லுநர் சொல்லட்டும்.

பருப்பு, பயறில் பாஸ்பரஸ் அதிகமாமே?

அட்டவணையில் அதிகம்தான்; உடலில் சேர்வது குறைவு. தாவரத்தில் பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கப் போதிய நொதி நம் குடலில் இல்லாததால் ஏறத்தாழ பாதி, பல சமயம் அதற்கும் குறைவாகவே ரத்தத்தில் சேரும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் பைட்டேட் உடைந்து கொஞ்சம் கூடுதலாகச் சேரும்.

உண்மையில் பயப்பட வேண்டியது பதப்படுத்திய உணவில் சேர்க்கும் பாஸ்பேட்டுக்கு. அது 90 சதவீதத்துக்கு மேல் அப்படியே உள்ளே போய்விடும். கோலா, பதப்படுத்திய இறைச்சி, சீஸ் வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறம் பாஸ்பேட், பாஸ்பாரிக் அமிலம் என்ற சொற்களோ, 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரையான எண்களோ இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வைத்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கை வெட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைக்கிறேன். பொட்டாசியம் போய்விடுமா, மேடம்?

பச்சைத் தண்ணீரில் ஊறுவதால் பெரிதாக எதுவும் போகாது. பொட்டாசியம் செல்லுக்குள் இருக்கிறது. சூடு பட்டுச் செல்சவ்வு உடைந்தால்தான் வெளியே வரும். தோலைச் சீவி, சிறு துண்டுகளாக வெட்டியோ துருவியோ, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் மெத்தென்று ஆகும்வரை கொதிக்க விடுங்கள். பிறகு தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிடுங்கள். துண்டாக வேகவைத்தால் ஏறத்தாழ பாதியும், துருவி வேகவைத்தால் முக்கால் பங்கும் குறையும்.

பலர் தவறுவது கடைசியில்தான்: வடித்த தண்ணீரைக் குழம்பிலோ சூப்பிலோ சேர்த்தால் போன பொட்டாசியம் முழுக்கத் திரும்பி வந்துவிடும். ஆவியில் வேகவைத்தாலோ மைக்ரோவேவில் வைத்தாலோ குறைவது சொற்பம். கொதிநீரோடு வைட்டமின் சியும் ஃபோலேட்டும் போய்விடுவதால், பொட்டாசியம் கூடியவர்கள் மட்டும் இப்படிச் செய்தால் போதும். உப்புக்கு மாற்று என்று விற்கும் உப்பைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல பொட்டாசியம் குளோரைடுதான்.

மஞ்சள் கேப்சூலும் பச்சைக் கீரைச் சாறும் சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யுமா?

செய்யாது, கெடுக்கலாம். இரண்டிலும் ஆக்சலேட் என்ற தாவரப் பொருள் இருக்கிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாகிறது. சாறையும் மஞ்சள் மாத்திரையையும் மாதக்கணக்கில் எடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையும் உடலில் ஆக்சலேட்டாக மாறும். சமையலில் போடும் மஞ்சள் சிட்டிகைக்கு இந்தப் பயம் வேண்டாம். கீரையைக் கொதிக்கவைத்து வடித்துச் சாப்பிடலாம்.

ஸ்டார் ஃப்ரூட் எனும் நட்சத்திரப்பழம் ஒன்று மட்டும் சாப்பிடலாமா?

ஒன்று கூட வேண்டாம். அதில் ஆக்சலேட்டோடு கேராம்பாக்சின் என்ற நரம்பு நச்சும் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதானதில் தங்கி மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல், வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போகும். தெரியாமல் சாப்பிட்டிருந்தால் விக்கல் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், டயாலிசிஸ் தேவைப்படலாம்.

மூலிகைப் பொடி இயற்கையானதுதானே, சேர்த்துக்கொள்ளலாமா?

அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்த எதையும் சாப்பிடாதீர்கள். ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் அந்த இனம்தான். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மருந்தில் ஒரு மூலிகைக்குப் பதிலாக இது கலந்து, பல பெண்களின் சிறுநீரகம் அழிந்தது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதிமதுரமும் அளவு கூடினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி டாக்ரோலிமஸ் (புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர்கள் கிரேப்ஃப்ரூட்டையும் (திராட்சை அல்ல, ஆரஞ்சு வகைப் பழம்) தவிர்க்க வேண்டும். அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஆபத்தாக உயர்த்தும். பொடியின் சேர்மானம் முழுவதும் எழுதப்படாமல் இருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டப்பாவோடு மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.